பாற்பசுவும் உருளைக்கிழங்கும்: சுவிஸ் அமைச்சர் வாலன்

சுவிற்சர்லாந்து என்றதும் நம்மிற் பலருக்கு மணிக்கூடும் பாற்கட்டியும் பனிமலையுமே மனத்தில் தோன்றும். அந்நாட்டை ஆண்ட அமைச்சர் ஒருவரின் பெயரைக் கூறுக என்றால் திகைத்து நிற்போம். அதில் நாணுதற்கு ஒன்றுமில்லை. அங்கு எழுவர் கொண்ட சமஷ்டிச் சபையே ஆட்சி நடத்துகின்றது. சனாதிபதி பதவியோ ஆண்டுதோறும் அவ்வெழுவருள் கைமாறுகின்றது. தனியொருவர் பெயர் ஓங்கி ஒலிக்க அங்கு இடம் குறைவு. அவ்வாறிருந்தும் ஒரு பெயர் அந்நாட்டு மக்கள் நாவில் நெடுங்காலம் நிலைத்தது. அவரே பிரீட்ரிக் திரௌகொட் வாலன்.

1899ஆம் ஆண்டு பேர்ண் மாநிலத்து மிர்க்கெல் என்னும் சிற்றூரிற் பிறந்த வாலன், சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் விவசாய விஞ்ஞானம் பயின்றார். சில ஆண்டுகள் கனடாவிற் பணியாற்றித் திரும்பி, 1929இல் சூரிச்சை அடுத்த எர்லிக்கோன் விவசாய ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரானார். விதையும் மண்ணும் ஆராய்ந்துகொண்டிருந்த இவரை அரசியலுக்கு இழுத்து வந்தது போரேயாகும்.

சுவிஸ் மக்கள் முதலாம் மகாயுத்தத்தில் ஒரு பாடம் படித்திருந்தனர். அப்போது பங்கீடு காலந்தாழ்த்தியே வந்தது, விலைவாசி ஏறிற்று, ஏழைத் தொழிலாளர் வயிறு காய்ந்தனர். 1918 நவம்பரில் மூண்ட பொது வேலைநிறுத்தத்துக்கு அவ்வறுமையும் ஒரு காரணம். மீண்டும் அவ்வாறு நேர்ந்தால், பகைவன் எல்லை கடக்குமுன்னரே நாடு உள்ளிருந்து உடையும் என்பதை அறிந்தோர் பலர். ஆனால் எந்த ஊரில் எவ்வளவு நிலம் உழத்தக்கது என்று முன்கூட்டியே கணக்கெடுத்து வைத்தவர் வாலன்.

1940இல் பிரான்சு வீழ்ந்தது. நாட்டைச் சுற்றி ஏறக்குறைய எப்பக்கமும் ஜேர்மனியும் இத்தாலியுமே. உணவிற் பாதியளவை வெளியிலிருந்து பெற்றுவந்த நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் என் செய்வர்? அவ்வாண்டு நவம்பர் 15ஆந் திகதி சூரிச்சில் நிகழ்த்திய உரையில் வாலன் தம் திட்டத்தை வெளியிட்டார். அதன் உட்பொருள் மிக எளியது. ஒரு நிலத்திற் புல் வளர்த்து, அதைப் பசுவுக்கு ஊட்டி, அதன் பாலையும் இறைச்சியையும் நாம் உண்டால் அந்நிலம் சிலரையே காக்கும். அதே நிலத்தில் தானியமும் உருளைக்கிழங்கும் இட்டால் பன்மடங்கு பேர் பசியாறுவர். ஆகவே புல்வெளியை உழவேண்டும், கால்நடையைக் குறைக்கவேண்டும். பாற்பசுவே செல்வமென வாழ்ந்த மக்களிடம் இதைச் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

போருக்கு முன் ஏறத்தாழ 1,83,000 ஹெக்டேயராக இருந்த உழுநிலம் 3,50,000 ஹெக்டேயரையும் தாண்டியது. சதுப்பு நிலங்கள் வடிக்கப்பட்டன. காடுகள் சில வெட்டப்பட்டன. சூரிச் நகரில் இசைநாடக அரங்கின் முன்னுள்ள சதுக்கத்திலேயே பயிர் விளைந்தது. பெருந் தொழிற்சாலைகளும் தத்தம் பங்குக்குப் பயிரிடக் கடமைப்பட்டன. ஆடவர் எல்லைக்காவலில் நிற்க, வயலின் பாரம் பெரிதும் பெண்கள் தலையில் விழுந்தது. வாலனைப் புகழ்வோர் இதை ஒரு வரியிற் கடந்து செல்வதை நாம் ஒப்புவதற்கில்லை.

வேறொன்றையும் சொல்லியாகவேண்டும். வாலன் திட்டத்தால் நாடு தன் உணவைத் தானே முற்றாக விளைவித்தது என்னும் கதை பின்னாளிற் பரவியது. அது உண்மையன்று. திட்டத்தின் இலக்கான 5,00,000 ஹெக்டேயர் எட்டப்படவில்லை. தன்னிறைவு 52 வீதத்திலிருந்து சுமார் 59 வீதத்துக்கே உயர்ந்தது. அதுவும் மக்கள் முன்னையிலும் குறைவாக உண்ட காலத்தில். இறக்குமதி நின்றுவிடவில்லை, ஜேர்மனியுடன் வணிகமும் நடந்தது. ஆயினும் 1942 ஒக்டோபரிற் பாணுக்குப் பங்கீடு வந்தபோதும், உருளைக்கிழங்கும் மரக்கறியும் போர் முடியும் வரை பங்கீட்டுக்கு உள்ளாகவில்லை. பணமில்லாதவன் வீட்டிலும் உலை ஏறிற்று. 1918இன் கலகம் மீளவில்லை. எங்கள் கணக்கில் அந்த 59 வீதத்திலும் பெரிய வெற்றி இதுவே.

1942 முதல் 1949 வரை வாலன் சூரிச்சின் பிரதிநிதியாக மாநிலங்கள் சபையில் அமர்ந்தார். பின்னர் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்திற் சேர்ந்து, அதன் விவசாயப் பிரிவை நடத்தினார். அவருடைய நாடோ ஐக்கிய நாடுகள் சபையிற் சேர்ந்தது 2002இலேதான்! ரோமாபுரியில் அப்பணியில் இருந்தபோதே, 1958 டிசம்பர் 11ஆந் திகதி சமஷ்டிச் சபைக்குத் தெரிவானார். 1961இற் சனாதிபதி, அவ்வாண்டு முதல் 1965 வரை வெளிவிவகாரமும் அவர் கையில். அவர் காலத்திலேயே, 1963இல், சுவிற்சர்லாந்து ஐரோப்பிய மன்றத்திற் சேர்ந்தது. ஐரோப்பியப் பொதுச் சந்தையுடன் இணைவதற்கு 1961இல் விடுத்த விண்ணப்பம் மட்டும் கைகூடவில்லை.

பதவி நீங்கிய பின்னரும் அவரை ஓய்ந்திருக்க விட்டாரில்லை. அரசியலமைப்பை முழுவதும் திருத்துவது பற்றி ஆராய 1967இல் அமைந்த குழுவுக்கு அவரே தலைவர். 1973இல் அறிக்கை வெளிவந்தது. புதிய அரசியலமைப்பை மக்கள் வாக்களித்து ஏற்றது 1999இல். வாலன் 1985 நவம்பரில், தமது 86ஆம் வயதில், பேர்ண் நகரிற் காலமாகிவிட்டார்.