மறதிநோயும் குடும்ப மருத்துவரும்

மறதிநோய் என்பது நினைவாற்றல், சிந்தனை, மொழி, அன்றாடச் செயல்திறன் ஆகியவற்றைப் படிப்படியாகக் குலைக்கும் மூளை நோய்களின் பொதுப்பெயராகும். இவற்றுள் அல்சைமர் நோயே மிகுதியாகக் காணப்படுகிறது. இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் ஏறத்தாழ 7.4 விழுக்காட்டினர் மறதிநோய்க்கு ஆளாகியிருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. உலக நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், ஆய்வுகளில் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவையே அவர்களைப் பற்றியவை என்பதைப் பெயரிலேயே சுட்டும் 10/66 ஆய்வுக்குழு, 1998இல் கொச்சியில் தோன்றி, சென்னையிலும் வேலூரிலும் களஆய்வு நடத்தியது. தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டை போன்ற ஊர்களில் முதியோர் முதலில் நாடுவது குடும்ப மருத்துவரையே என்பதால், அவர் மறதியை மூப்பின் இயல்பென ஒதுக்காமல், தைராய்டுச் சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு முதலிய சீர்செய்யத்தக்க காரணங்களை ஆராய்ந்து, பராமரிக்கும் குடும்பத்தாருக்கும் வழிகாட்டுவது இன்றியமையாதது.