பாத்திரம் துலக்கிய பந்தாட்டக்காரர்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், ஆட்டத்துக்காக மாணவருக்குப் பணம் தருவதாக ஒப்புக்கொள்ளக் கூசின. படிக்க வந்தவர் ஓய்வு நேரத்தில் ஆடுகிறார் என்பதே கொள்கை. ஆனால் நல்ல ஆட்டக்காரரை அடுத்த கல்லூரி கொத்திக்கொண்டு போகுமுன் வளைத்துப்போட ஏதாவது தந்தாக வேண்டும். அந்த ஏதாவதுக்குக் கிடைத்த கௌரவமான பெயர்தான் வளாக வேலை.

யேல் பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்கு 1904இல் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹோகனுக்கு, நியூ ஹேவன் நகரில் விற்ற சிகரெட்டுக்கெல்லாம் கமிஷன் கிடைத்தது. 1929இல் வெளிவந்த கார்னெகி அறக்கட்டளையின் அறிக்கை, ஆராய்ந்த 112 கல்லூரிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஆட்டக்காரர்களுக்கு ஏதோ ஒரு வகையில் உதவியதாகச் சொன்னது. அந்த வகைகளுள் வேலையும் ஒன்று.

எல்லா வேலையும் பாவனை அல்ல. பெருமந்தக் காலத்தில் அதுதான் பலருக்குச் சோறு போட்டது. பின்னாளில் அதிபரான ஜெரால்ட் ஃபோர்டு, மிச்சிகனில் கால்பந்து ஆட வந்தபோது, பயிற்சியாளர் ஹாரி கிப்கே பல்கலைக்கழக மருத்துவமனை உணவுக்கூடத்தில் பரிமாறும் வேலை வாங்கித் தந்தார். யுரேகா கல்லூரியில் ஆடிய ரொனால்ட் ரேகன் பாத்திரம் துலக்கிச் சாப்பிட்டார். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் தடகள வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ், சட்டமன்றக் கட்டடத்தில் சரக்கு லிஃப்ட் இயக்கினார். கறுப்பினத்தவர் என்பதால் அவருக்கு விடுதியில் இடமில்லை. 1935இல் ஒரே பிற்பகலில் உலக சாதனைகளை அடுக்கியவருக்கும் நிலைமை அதுதான்.

தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1948இல் ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்தது. வேலை தரலாம், ஆனால் செய்த வேலைக்கு ஏற்ற கூலிதான் தரவேண்டும், மீறினால் வெளியேற்றம். 1950இல் ஏழு கல்லூரிகளை வெளியேற்ற நடந்த வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு சேரவில்லை. தங்கள் வீட்டுக் கணக்கையும் யாராவது புரட்டிப் பார்த்தால் என்னாவது என்ற கவலை பலருக்கு இருந்திருக்கும். மறு ஆண்டே அந்த விதிகள் கைவிடப்பட்டன.

உண்மையான அடி நீதிமன்றத்திலிருந்து வந்தது. எர்னஸ்ட் நெமத் என்பவர் டென்வர் பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் களங்களைப் பராமரித்து மாதம் 50 டாலர் பெற்றார்; அதில் 10 டாலர் சாப்பாட்டுக்குப் பிடித்தம். கால்பந்துப் பயிற்சியில் முதுகில் அடிபட்டதும், பணியாளருக்குரிய இழப்பீடு கேட்டார். களம் கூட்டும்போது பட்ட அடியல்லவே என்றது பல்கலைக்கழகம். ஆனால் பந்தாட்டத்தில் சோபித்தவருக்கே அந்த வேலை என்பதற்குச் சாட்சியம் இருந்தது. அப்படியானால் ஆட்டமும் வேலையின் பகுதியே என்று கொலராடோ உச்ச நீதிமன்றம் 1953இல் தீர்ப்பளித்தது.

பல்கலைக்கழகங்கள் பணத்தை மறைக்கக் கட்டிய திரையை நீதிமன்றம் நிஜச் சுவராகவே எடுத்துக்கொண்டது. 1955இல் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரி வீரர் ஒருவர் ஆட்டத்தில் இறந்தபோது அவர் மனைவியும் இழப்பீடு கோரினார். ஆனால் 1957இல் அதே நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது. இதற்கிடையே, வால்டர் பையர்ஸ் தலைமையில் இயங்கிய சங்கம், பணியாளர் என்ற பேச்சே எழாதபடி 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டது. 1956இல் கல்விக்கட்டணம், அறை, உணவு அனைத்தையும் உள்ளடக்கிய விளையாட்டு உதவித்தொகை அனுமதிக்கப்பட்டது. அதன்பின் ஆள்பிடிக்க வேலை என்ற சாக்கு தேவைப்படவில்லை. முழு உதவித்தொகை பெறுவோர் கல்வியாண்டில் வேலை பார்க்கவே தடை வந்து, 1990களின் இறுதியில்தான் தளர்ந்தது.