மீண்டும் விழாமல் இருக்க: எம்.பி.சி.டி பிறந்த கதை

மனச்சோர்வு குணமான பலருக்கு அது திரும்பவும் வருகிறது. ஒருமுறை வந்தவரைவிட, மூன்று நான்கு முறை வந்தவருக்கு அடுத்ததும் வரும் வாய்ப்பு அதிகம். 1990களின் தொடக்கத்தில் டொராண்டோவில் ஸிண்டல் சீகல், வேல்ஸின் பாங்கரில் மார்க் வில்லியம்ஸ், கேம்பிரிட்ஜில் ஜான் டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் கையில் எடுத்தது இந்தச் சிக்கலைத்தான். அதிலிருந்து பிறந்ததுதான் எம்.பி.சி.டி (Mindfulness-Based Cognitive Therapy), அதாவது மனக்கவனம் சார்ந்த அறிதிறன் சிகிச்சை.

ஏற்கெனவே விழுந்து எழுந்தவருக்கு லேசான வருத்தமே போதும். ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற பழைய எண்ணங்கள் வரிசைகட்டி வந்துவிடும். அவற்றோடு மல்லுக்கட்ட மல்லுக்கட்ட, இன்னும் ஆழத்தில் இறங்குவார். ‘இது வெறும் எண்ணம்’ என்று தள்ளி நின்று பார்க்க அவரைப் பழக்க முடியுமா?

ஜென் பயிற்சி பெற்ற அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான், அந்த மூவருக்கும் ஜான் கபாட்-ஸின்னைக் கைகாட்டினார். எம்.ஐ.டி.யில் மூலக்கூறு உயிரியலில் டாக்டர் பட்டம் பெற்ற கபாட்-ஸின், 1979 முதல் மாசசூசெட்ஸின் வுஸ்டர் நகரில், பல்கலைக்கழக மருத்துவமனையில் நாள்பட்ட வலியோடு வாழ்பவர்களுக்குத் தியானம் கற்பித்துவந்தார். அதன் வேர்களில் ஒன்று பர்மாவில் இருக்கிறது. படுத்தபடி கால்விரல் தொடங்கித் தலைவரை உடம்பின் ஒவ்வொரு பகுதியையும் கவனிக்கும் பயிற்சி, ரங்கூனில் தலைமைக் கணக்காயராக வேலை பார்த்துக்கொண்டே விபாசனா என்ற பௌத்த தியானத்தைக் கற்பித்த ஊ பா கின்னின் வழியில் வந்தது. நம் நாட்டில் பலர் அறிந்த கோயங்காவுக்கும் அவர்தான் குரு. மருத்துவமனையில் கபாட்-ஸின் பௌத்தத்தை முன்னிறுத்தவில்லை. வலியோடு வருபவர் எந்த மதத்தவராகவும் இருக்கலாம் என்பதால் அது சரிதான். ஆனால் கதை சொல்லும் நாம் மூலத்தைச் சொல்லாமல் விடக் கூடாது.

வுஸ்டர் போய்வந்த மூவரும் முதலில் தியானத்தை ஓர் உத்தியாக மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். ‘கவனக் கட்டுப்பாட்டுப் பயிற்சி’ என்று பெயர் வைத்தார்கள். சின்னச் சங்கடங்களுக்கு அது தாக்குப்பிடித்தது. கடும் துக்கம் பொங்கியபோது கைகொடுக்கவில்லை. உடனே பழைய சிகிச்சையாளர்களாகி, பிரச்சினையை அலசித் தீர்வு தேடினார்கள்.

மறுபடி வுஸ்டர் போனார்கள். இம்முறை கண்ணில் பட்டது அங்கிருந்த பயிற்றுநர்களின் நடத்தை. ஒருவருடைய வேதனையைச் சரிசெய்ய அவர்கள் அவசரப்படவில்லை. அந்த வேதனையோடு கொஞ்ச நேரம் இருந்து பார்க்க அவரை அழைத்தார்கள். அந்த நிதானம் அவர்களுடைய அன்றாடத் தியானத்திலிருந்து வந்தது. தானே உட்காராதவர் இதைப் பிறருக்குச் சொல்லித்தர முடியாது என்பது மூவருக்கும் உறைத்தது. தாங்களும் தியானத்தில் உட்காரத் தொடங்கினார்கள். எம்.பி.சி.டி உண்மையில் பிறந்தது அப்போதுதான் என்பேன்.

எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு வகுப்பு. முதல் வகுப்பில் ஆளுக்கு ஓர் உலர்திராட்சை. அதன் சுருக்கங்களைப் பார்க்க வேண்டும், விரலிடையே உருட்ட வேண்டும், முகர வேண்டும். நாக்கில் வைத்துச் சற்றுக் காத்திருந்து, மெதுவாகக் கடிக்க வேண்டும். ஒரு பழத்துக்குப் பல நிமிடங்கள் ஆகும். அதற்குள் மனம் எத்தனை முறை நழுவி ஓடுகிறது என்பது அவரவருக்கே தெரிந்துவிடும். ஓடியதைத் திட்டாமல் திரும்ப அழைத்து வருவதுதான் பாடம். சோர்வின் எண்ணங்கள் வரும்போதும் செய்ய வேண்டியது இதையேதான்.

குணமான 145 பேரிடம் சோதித்த முடிவு 2000இல் வெளியானது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை சோர்வு கண்டவர்களில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் 66 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. பயிற்சியும் பெற்றோரில் 37 சதவீதத்தினருக்குத்தான் திரும்பியது. இரண்டே முறை வந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். 2004இல் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு இதைப் பரிந்துரைத்தது.

குணமானவர் மீண்டும் விழாமல் இருக்கப் பிறந்த பயிற்சி இது. கடும் சோர்வில் கிடப்பவரிடம் ‘மாத்திரையை விட்டுவிட்டுத் தியானம் பண்ணு’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அவரை முதலில் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.