கோல்டன் டீமன்

சிற்றுருவப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் கலைஞர்களுக்காக, பிரிட்டனின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987 முதல் நடத்திவரும் போட்டி. வார்ஹாமர் போன்ற விளையாட்டுகளுக்காக அந்நிறுவனம் தயாரிக்கும் உருவங்களே இதில் இடம்பெறும். மனித உருவங்கள் பெரும்பாலும் ஏறத்தாழ 28 மி.மீ. உயரம் கொண்டவை. ஒவ்வொரு பிரிவிலும் தங்கம், வெள்ளி, வெண்கலப் பரிசுகள் உண்டு. அனைத்திலும் தலைசிறந்த படைப்புக்கு ‘ஸ்லேயர் சோர்டு’ என்னும் முழு அளவு வாள் வழங்கப்படுகிறது.

வண்ணம் தீட்டுவதில் முதலில் அடிப்பூச்சு; அதன்மேல் நீரில் கரைத்த அக்ரிலிக் வண்ணம் மெல்லிய படலங்களாக ஏறுகிறது. மடிப்புகளில் நிழலும் விளிம்புகளில் ஒளியும் சேர்கின்றன. வண்ணம் தடித்தால் செதுக்கிய நுணுக்கங்கள் மூடிப்போகும். மிகக் கடினமானது, உலோகத் துகள் கலக்காமலே உலோகத்தைக் காட்டுவது: சாம்பல், பழுப்பு, வெள்ளை ஆகியவற்றைக் கொண்டே கவசத்தில் பளபளப்பை வரவழைக்க வேண்டும். ஒளி எங்கிருந்து விழுகிறது என்று ஓவியர் முதலிலேயே முடிவுசெய்து, உருவம் முழுவதும் அதற்குக் கட்டுப்படுகிறார். இந்த ஒழுங்கே சிற்றுருவ வண்ணந்தீட்டலை விளையாட்டுத் துணைவேலை என்ற நிலையிலிருந்து ஓவியக் கலையாக உயர்த்துகிறது. கண்ணின் கருமணிக்குத் தூரிகை முனையின் ஒரே தொடுகைதான்.