காலிமுகத்து மாளிகையும் அதன் முன்றிலும்

கொழும்புக் காலிமுகத் திடலின் தென்கோடியில், கடலை ஒட்டி நிற்கின்றது காலிமுக ஹோட்டல். அதன் வரலாறு என்று நமக்குத் தரப்படுவது பெரும்பாலும் ஒரு பெயர்ப்பட்டியலே. அங்குத் தங்கிச் சென்ற அரச குடும்பத்தினர், எழுத்தாளர், நடிகர் ஆகியோரின் பெயர்களைப் படித்து நாம் வியக்கின்றோம். விருந்தினர் பட்டியல் வரலாறாகுமா?

1864 ஆம் ஆண்டில் இவ் ஹோட்டல் தோன்றியது. அதற்குச் சற்று முன்னர் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், திடலின் கடலோர நடைபாதையை 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்து, கொழும்பின் சீமாட்டிகளையும் சிறாரையும் முன்னிட்டு அதனைப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரை வேண்டிக் கல்லிற் பொறித்து வைத்தார். அச் சீமாட்டிகளுள் துறைமுகக் கூலியின் மனைவி எண்ணப்பட்டிருப்பாளா என்பதை வாசகர்களே உய்த்துணர்வர்.

அக்காலத்தே இலங்கையின் செல்வம் கோப்பியிலிருந்து வந்தது. அதனை விளைவித்தோர் தென்னிந்தியக் கிராமங்களினின்று பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்டு வந்த தமிழ்த் தொழிலாளர்கள். மன்னார்க் கரையிலிறங்கி மலைநாடு நோக்கி நடந்தவர்களுட் பலர் பசியாலும் நோயாலும் வழியிலேயே மடிந்தனர். 1869 இல் இரு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது; கோப்பிச் செடியை அழித்த இலைநோய் இலங்கையிற் காணப்பட்டது. கோப்பி வீழ, தேயிலை அதனிடத்தைப் பெற்றது. 1875 இல் அடிக்கல் நாட்டப்பெற்ற கொழும்பு அலைதடை 1885 இல் நிறைவெய்தியதும், காலித் துறைமுகத்தின் முதன்மை கொழும்புக்கு மாறியது. கப்பல்கள் பெருகின; பிரயாணிகள் பெருகினர். 1894 இல் கட்டிடக் கலைஞர் எட்வேர்ட் ஸ்கின்னரைக் கொண்டு ஹோட்டல் விரிவாக்கப்பட்டது. ஆகவே அதன் வளர்ச்சியை முதலாளிகளின் சாமர்த்தியம் ஒன்றினால் விளக்கிவிட முடியாது. தேயிலைத் தோட்டத்தின் வியர்வையும், கப்பலுக்கு நிலக்கரி சுமந்தோரின் தோள்வலிமையும் அதன் அத்திவாரத்தில் உள்ளன.

கேரளத்திலிருந்து 1938 இல் இளைஞராக வந்த ஒருவர், 1942 இல் இவ் ஹோட்டலிற் சேர்ந்து, 2014 இல் மறையும்வரை ஊழியம் புரிந்தார். வாசலில் வெண்ணிற உடையுடன் நின்று கரங்கூப்பிய அவரை எண்ணற்ற பிரயாணிகள் படம் பிடித்தனர். அவரைப் போன்ற மலையாளத் தொழிலாளர் பலர் அன்று கொழும்பில் வாழ்ந்தனர். 1923 இல் பொது வேலைநிறுத்தத்தை நடத்தி முதலாளிகளைக் கலங்கச் செய்த ஏ. ஈ. குணசிங்கா, பொருளாதார மந்தம் சூழ்ந்த முப்பதுகளில் இம் மலையாளிகளுக்கு எதிராகவே கிளர்ச்சி செய்தார் என்பது நம் தொழிலாளர் இயக்கத்தின் கசப்பான உண்மை. வேலை அருகியபோது, அதனை அருகச் செய்த அமைப்பு தப்பிக்கொண்டது. பக்கத்தில் நின்ற தொழிலாளி பகைவனாக்கப்பட்டான். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரை நாடற்றவராக்கியபோது அதே இனவாதம் சட்டவடிவம் பெற்றது.

ஹோட்டலின் முன்றிலாகிய திடலும் இக்கதையையே கூறுகின்றது. 1956 யூன் 5 ஆம் நாள், தனிச் சிங்களச் சட்டமூலத்தை எதிர்த்து, அன்றைய பாராளுமன்றத்தின் அருகே சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சியினர் காடையராற் தாக்கப்பட்டனர். 2022 இல் அதே திடலில் மக்கள் ஏப்பிரல் 9 முதற் கூடாரமிட்டுத் தங்கினர். யூலையில் சனாதிபதி நாட்டைவிட்டு ஓடிப் பதவி துறந்தார். அவ்வாண்டு மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் மாண்டோர் அங்கே நினைவுகூரப்பட்டனர். சிங்கள இளைஞரும் அதிற் கலந்துகொண்டமை சிறிதெனினும் போற்றத்தக்க தொடக்கம்.

மாணவரைக் காலிமுகத்துக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், மாளிகையின் அழகைக் காட்டுவதோடு நின்றுவிடலாகாது. அதனைக் கட்டிய கைகளையும், அக்கைகள் ஒன்றுசேராது பிரிக்கப்பட்ட விதத்தையும் எடுத்துரைத்தல் வேண்டும். அப்பாடத்தைக் கற்பிக்கும் கடமை நம்முடையதே.