பணியிலிருந்தபடி வணிகச் சட்டம்: தென்காசி, குற்றாலம் பகுதியில் சட்டக் கல்வி வளர்ந்த வரலாறு

வணிகச் சட்ட முதுநிலைப் பட்டம் என்பது ஒப்பந்தம், கூட்டாண்மை, நிறுமம், காசோலை, வரி, நொடிப்பு, நடுவர் தீர்ப்பு முதலிய வணிகம் சார்ந்த சட்டங்களைக் கற்பிக்கும் உயர்கல்விப் படிப்பு. ஏற்கெனவே வேலையிலோ தொழிலிலோ இருப்பவர்களுக்காக வார இறுதி வகுப்புகள், இணைய வகுப்புகள், அஞ்சல் வழிப் பாடங்கள் ஆகியவற்றின் மூலம் நடத்தப்படும்போது இது ‘எக்ஸிகியூட்டிவ்’ படிப்பு எனப்படுகிறது. தென்காசி, குற்றாலம் போன்ற ஊர்களில் வணிகச் சட்டத்தின் தேவை நெடுங்காலமாக இருந்துவந்தது. அதைக் கற்பிக்கும் இடம்தான் தொலைவில் இருந்தது. அந்தத் தொலைவு குறைந்து வந்ததே இப்பகுதியின் சட்டக் கல்வி வரலாறு. தொலைவு குறைந்த பிறகு, எந்தப் பட்டம் எதற்குச் செல்லும் என்ற புதிய கேள்வி எழுந்துள்ளது.

மலைக்கு இருபுறமும் இரு சட்டங்கள்

தென்காசி மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஆரியங்காவு கணவாய்க்குச் செல்லும் வழியில் அமைந்த ஊர். நெல், பருத்தி, துணி, கால்நடை முதலியவை மேற்கே சென்றன. தேங்காய், மிளகு, மரம் முதலியவை கிழக்கே வந்தன. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் தென்காசி சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. சில மைல் தொலைவிலுள்ள செங்கோட்டையோ திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. எனவே ஒரே சந்தைக்கு வந்துபோன வணிகர்கள் இரண்டு அரசுகளின் சட்டங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் உட்பட்டிருந்தனர்.

1865-இல் பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி ஆகியவற்றிடையே ஏற்பட்ட வணிக உடன்பாடு எல்லைச் சுங்கத் தடைகளைப் பெருமளவு நீக்கியது. 1872-இல் இந்திய ஒப்பந்தச் சட்டமும் 1881-இல் மாற்றுமுறை ஆவணச் சட்டமும் பிரிட்டிஷ் இந்தியாவில் வந்தன. திருவிதாங்கூர் 1888-இல் தனக்கென ஒரு சட்டமன்றத்தை அமைத்துத் தனிச் சட்டங்களை இயற்றியது. 1904-இல் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியபின் சரக்குப் போக்குவரத்து பெருகியது. கடன், உண்டியல், சரக்கு விற்பனை ஆகியவற்றில் தகராறு வந்தால் எந்த அரசின் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்வது என்பதே முதல் சிக்கலாக இருந்தது.

இந்தச் சிக்கலின் அளவைத் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கியின் வீழ்ச்சி காட்டியது. 1937-இல் இரு வங்கிகள் இணைந்து உருவான இது, சமஸ்தானத்திலும் சென்னை மாகாணத்திலும் கிளைகள் கொண்டிருந்தது. 1938-இல் வங்கி கதவை மூடியது. வங்கியைக் கலைத்துக் கடன்காரர்களுக்குப் பணம் பிரித்துத் தரும் நடவடிக்கை சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது செங்கோட்டை வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ஆரியங்காவு கேரளத்தில் நின்றது. புளியரை எல்லைப்புற ஊரானது.

வழக்கமும் சட்டமும்

எழுதப்பட்ட சட்டங்களுக்கு முன்பே வணிகர்களிடம் வழக்கச் சட்டம் இருந்தது. தென்பாண்டிப் பகுதியின் நாடார் வணிகர்கள் சரக்கின் அளவுக்கேற்ப மகமை என்ற தொகையைப் பொதுநிதிக்குச் செலுத்தினர். உறவின்முறை அமைப்புகள் அந்த நிதியைப் பராமரித்ததுடன் உறுப்பினர்களிடையேயான பூசல்களையும் தீர்த்துவைத்தன. 1881-ஆம் ஆண்டுச் சட்டமும் வழக்கத்தை முற்றிலும் ஒதுக்கவில்லை. இந்திய மொழிகளில் எழுதப்பட்ட உண்டியல் போன்ற ஆவணங்களுக்கு உள்ளூர் வழக்கம் செல்லும் என்று அதன் முதல் பிரிவே கூறியது. எனினும் வெளியூர் வணிகம் பெருகப் பெருக, வழக்கம் மட்டும் அறிந்தவர் நீதிமன்றத்தில் தோற்றார். சட்டம் படித்தவரின் தேவை கூடியது.

பிளீடர் தேர்வும் பட்டமும்

அக்காலத்தில் வழக்கறிஞராகப் பல்கலைக்கழகப் பட்டம் கட்டாயமில்லை. பிளீடர் தேர்வில் தேறியவர் கீழமை நீதிமன்றங்களில் வாதாடலாம். ஒட்டப்பிடாரத்தைச் சேர்ந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை இவ்வழியில் வழக்கறிஞரானவர். அவர் 1906-இல் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். அது நிறுமச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்டது. அதன் மூலதனம் ரூபாய் 25 வீதம் 40,000 பங்குகளாகப் பத்து லட்சம் ரூபாய் என வகுக்கப்பட்டது. பொதுமக்களிடம் பங்கு திரட்டிக் கப்பல் வாங்க நிறுமச் சட்டத்தைக் கருவியாகக் கொண்டது அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் வணிகச் சட்ட அறிவின் மிகத் துணிச்சலான பயன்பாடு.

பட்டம் பெற விரும்பியவர்கள் ஊரைவிட்டுச் செல்ல வேண்டியிருந்தது. சென்னைச் சட்டக் கல்லூரி 1891-இல் தனிக் கல்லூரியானது. தென்காசியிலிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவில் உள்ளது. கணவாயைத் தாண்டினால் சுமார் 110 கிலோமீட்டரில் திருவனந்தபுரத்தில் ஒரு சட்டக் கல்லூரி இருந்தது. எங்கே படித்தாலும் பல ஆண்டுகள் வெளியூரில் தங்க வசதி வேண்டும். ஆகவே நிலமும் வருமானமும் உள்ள குடும்பத்தாரே சட்டம் படிக்க முடிந்தது.

தென்காசியைச் சேர்ந்த ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் சட்டப் பட்டம் பெற்றவர். ஆனால் வழக்கறிஞர் தொழிலில் அவர் நிலைக்கவில்லை. சென்னை மாகாணச் சட்ட மேலவை உறுப்பினராகவும் இந்து அறநிலைய வாரியத்தின் ஆணையராகவும் பணியாற்றினார். பிற்காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்து இலக்கியச் சுவைஞராகப் புகழ்பெற்று 1954-இல் மறைந்தார். சட்டக் கல்வி நீதிமன்றத்துக்கு வெளியேயும் பயன்படும் என்பதற்கு அவர் வகித்த ஆணையர் பொறுப்பு ஓர் எடுத்துக்காட்டு.

கல்லூரி நெருங்கி வந்தது

1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் தொழிலுக்கான தகுதியை நாடு முழுவதும் ஒரே சீராக்கியது. சட்டப் பட்டமே வழக்கறிஞராவதற்கான வாயில் ஆனது. 1970-களில் மதுரையில் சட்டக் கல்லூரி வந்தது. 1996-இல் திருநெல்வேலியில் அரசு சட்டக் கல்லூரி தொடங்கியபோது தென்காசி மாணவருக்குச் சட்டக் கல்வி முதன்முறையாக ஒரே பேருந்தில் சென்று திரும்பும் தொலைவுக்குள் வந்தது. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் 1997-இல் சென்னையில் செயல்படத் தொடங்கியது. அங்கே வணிகச் சட்டம் முதுநிலைப் பாடப்பிரிவாக உள்ளது. 2004-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டதும் மேல்முறையீட்டுக்குச் சென்னை செல்லும் தேவை தென் மாவட்டங்களுக்குக் குறைந்தது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று.

ஆனால் இவை முழுநேர மாணவருக்கான வசதிகள். கடை நடத்துபவருக்கும் அலுவலகத்தில் பணிபுரிபவருக்கும் இவை பயன்படவில்லை. இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி இளநிலைச் சட்ட வகுப்புகள் காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையே நடைபெற வேண்டும். ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு வருகை வேண்டும். வேலையிலிருப்பவர் மாலை நேரத்தில் சட்டம் படித்து வழக்கறிஞராகும் பழைய வழி இவ்விதிகளால் அடைபட்டது.

வேலையை விடாமல் படித்தல்

பணியிலிருந்தபடி சட்டம் கற்கும் முறைக்கு உலக அளவில் நீண்ட வரலாறு உண்டு. லண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல் வெளிமாணவர்களுக்குத் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கியது. இலங்கை, மலாயா ஆகிய இடங்களில் வேலை பார்த்தபடியே இவ்வழியில் படித்தவர்கள் பலர். இந்தியாவில் பட்டயக் கணக்காளர் கல்வியும் நிறுமச் செயலர் கல்வியும் வணிகச் சட்டத்தைப் பணிப் பயிற்சியுடன் சேர்த்துக் கற்பித்தன. இவற்றுக்கான சட்டங்கள் முறையே 1949-இலும் 1980-இலும் வந்தன.

பல்கலைக்கழகப் பட்டமாக இது வந்ததில் பெங்களூரிலுள்ள இந்தியத் தேசியச் சட்டப் பள்ளிப் பல்கலைக்கழகம் குறிப்பிடத்தக்கது. அது தொலைநிலைக் கல்வி மூலம் ‘மாஸ்டர் ஆஃப் பிசினஸ் லாஸ்’ என்ற இரண்டாண்டுப் படிப்பை வழங்கியது. எந்தத் துறையில் பட்டம் பெற்றவரும் இதில் சேரலாம். சட்டப் பட்டம் தேவையில்லை. வணிகர், வங்கி ஊழியர், கணக்காளர், பொறியாளர் ஆகியோருக்கு இது புதிய வாயிலானது. இணையம் பரவியபின் பல நிறுவனங்கள் இவ்வகைப் படிப்புகளைத் தொடங்கின. தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011 முதல் இயங்குகிறது. மென்பொருள் ஒப்பந்தம், உரிமம், தரவுப் பாதுகாப்பு ஆகியவை இப்பகுதியில் அன்றாட வேலையின் பகுதியாயின.

பட்டத்தின் பெயரும் மதிப்பும்

இங்கேதான் படிக்க விரும்புபவர் கவனிக்க வேண்டிய வேறுபாடு உள்ளது. எல்.எல்.எம். என்பது இளநிலைச் சட்டப் பட்டம் பெற்றவர் மட்டும் சேரக்கூடியது. சட்டப் பட்டம் இல்லாதவருக்குத் தரப்படும் முதுநிலைப் படிப்புக்கு அப்பெயரைச் சூட்டக் கூடாது என்று பார் கவுன்சிலின் 2020-ஆம் ஆண்டு முதுநிலைச் சட்டக் கல்வி விதிகள் கூறின. பல்கலைக்கழக மானியக் குழு தொலைநிலையிலும் இணையவழியிலும் வழங்கக் கூடாதவை என அறிவித்த பாடங்களில் சட்டமும் இடம்பெற்றது. 2025-இல் பார் கவுன்சில் தன் ஒப்புதலின்றி இணையவழி, தொலைநிலை, எக்ஸிகியூட்டிவ் ஆகிய பெயர்களில் நடத்தப்படும் எல்.எல்.எம். படிப்புகளுக்கு எதிராக எச்சரிக்கை வெளியிட்டது.

இதன் விளைவு நடைமுறை சார்ந்தது. சட்டக் கல்லூரி ஆசிரியராக விரும்புபவர் அத்தகைய பட்டத்தை நம்பினால் பணமும் ஆண்டுகளும் வீணாகலாம். எந்த முதுநிலைப் பட்டமும் இளநிலைச் சட்டப் பட்டம் இல்லாதவரை வழக்கறிஞராக்காது. மாறாக, தன் தொழிலில் ஒப்பந்தத்தைப் படித்தறியவும் தவறுகளைத் தவிர்க்கவும் விரும்புபவருக்கு வணிகச் சட்ட முதுநிலைப் படிப்பு உண்மையிலேயே பயன்படும். ஆகவே அறிவுக்காகவா, பதவி உயர்வுக்காகவா, ஆசிரியப் பணிக்காகவா, வழக்காடவா என்ற நோக்கமே படிப்பைத் தீர்மானிக்க வேண்டும்.

இன்றைய தேவை

2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டம் முதலில் ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத வணிகத் தகராறுகளுக்கே பொருந்தியது. 2018-இல் இவ்வரம்பு மூன்று லட்சம் ரூபாயாகக் குறைக்கப்பட்டது. பெருநகர நிறுவனங்களுக்கான சட்டம் சிற்றூர் வணிகரின் சட்டமாக மாறியது இதனால்தான். பாவூர்சத்திரம், சுரண்டை ஆகிய காய்கறிச் சந்தைகளின் மொத்த வணிகர், கடையநல்லூர், சங்கரன்கோவில் துணி உற்பத்தியாளர், சாரல் பருவத்தை நம்பிக் குற்றாலத்தில் விடுதியைக் குத்தகைக்கு எடுப்பவர் ஆகியோரின் தகராறுகளும் இவ்வரம்புக்குள் வரக்கூடும். வணிகத்துக்கு மட்டுமே பயன்படும் அசையாச் சொத்து பற்றிய ஒப்பந்தமும் இச்சட்டத்தின்படி வணிகத் தகராறுக்கு உரியது. அவசரத் தடையுத்தரவு போன்ற இடைக்கால நிவாரணம் கோராத வழக்குகளில் முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும். இது கட்டாயம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

காலக்கெடு தெரியாததால் உரிமை இழப்பவர் பலர். காசோலை பணமின்றித் திரும்பினால், வங்கியின் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். பெற்றவருக்குப் பணம் தர 15 நாள் அவகாசம் உண்டு. அதன்பின் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் செய்ய வேண்டும். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களிடம் பொருள் வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும், 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். நிலுவைத் தொகைக்காக நடையாய் நடக்கும் சிறு உற்பத்தியாளருக்கு இந்த ஒரு விதியைத் தெரிந்துகொள்வதே பெரும் பலம்.

நூறாண்டுகளுக்கு முன் இவ்வறிவைப் பெறத் தென்காசிக்காரர் கணவாயைத் தாண்ட வேண்டும் அல்லது சென்னைக்கு ரயிலேற வேண்டும். இன்று கடையை மூடிய பின் இரவு வகுப்பில் அமர்ந்து கற்க முடிகிறது. வழக்காடும் உரிமைக்கு மட்டும் இன்றும் பகல்நேரக் கல்லூரிக்கே செல்ல வேண்டும்.