விமான எஞ்சினில் ஹைட்ரஜன்

விமான எஞ்சினில் மண்ணெண்ணெய்க்குப் பதில் ஹைட்ரஜனை எரிக்கும் முயற்சிக்கு ஜெட் எஞ்சினின் வயதே ஆகிறது. 1937-ல் ஜெர்மனியில் ஹான்ஸ் ஃபான் ஓஹைன் ஓட்டிக்காட்டிய முதல் ஜெட் எஞ்சின், எளிதில் பற்றிக்கொள்ளும் ஹைட்ரஜனில்தான் ஓடியது. 1957 பிப்ரவரியில் நாசாவின் முன்னோடி அமைப்பு, பி-57 விமானத்தின் இரு எஞ்சின்களில் ஒன்றை நடுவானில் ஹைட்ரஜனுக்கு மாற்றி இயக்கியது. 1988 ஏப்ரல் 15-ல் சோவியத்தின் டுபோலெவ் டு-155 விமானம் ஹைட்ரஜனை எரித்துப் பறந்தது.

ஒரு கிலோ ஹைட்ரஜன் 120 மெகாஜூல் வெப்பம் தரும். விமான மண்ணெண்ணெய் தருவது சுமார் 43. ஆனால் ஹைட்ரஜனைத் திரவமாக வைக்க மைனஸ் 253 டிகிரி குளிர் வேண்டும். அதே ஆற்றலுக்கு நான்கு மடங்கு இடமும் வேண்டும். எரிந்தால் கரியமில வாயு வராது, நைட்ரஜன் ஆக்சைடுகள் வரும். அவற்றைக் குறைக்க எரிபொருளைக் காற்றோடு முன்கூட்டியே கலந்தால், வேகமாகப் பரவும் சுடர் கலவைக் குழாய்க்குள்ளேயே திரும்பி ஓடும். சுடரின் வெப்பமும் அறையின் அழுத்த அலையும் ஒன்றையொன்று தூண்டினால் எரியறை உறுமத் தொடங்கும். அந்த உறுமல் எஞ்சினையே உடைக்கவல்லது.

இந்த உறுமலைப் புரிந்துகொள்வதில் தென்சென்னையின் பங்கு முக்கியமானது. தாம்பரத்துக்கு அருகே குரோம்பேட்டையில் 1949-ல் சி. ராஜம் தொடங்கிய மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரி (எம்.ஐ.டி.) விமானப் பொறியியலை வளர்த்தது. ஆனால் எரிதல் ஆய்வு ஆழமாக வேரூன்றியது கிண்டியை ஒட்டிய சென்னை ஐ.ஐ.டி.யில். அங்கே பேராசிரியர் ஆர். ஐ. சுஜித்தின் குழு, உறுமலுக்கு முன் எரியறையில் நடப்பதைக் கூர்ந்து கவனித்தது. அழுத்தப் பதிவில், ஒழுங்கற்ற இரைச்சலுக்கு நடுவே சீரான அதிர்வுகள் கொத்துக்கொத்தாகத் தலைகாட்டி மறைந்தன; காற்றோட்டத்தைக் கூட்டக் கூட்ட அவை நெருங்கிவந்து முழு உறுமலாயின. 2014-ல் வெளியான இந்த முடிவு, ஆபத்தை முன்கூட்டியே அறிய வழிதிறந்தது. ஹைட்ரஜனுக்கென்றே செய்த ஆய்வல்ல இது. ஆனாலும் ஹைட்ரஜன் எஞ்சின் கட்டுவோர் இதைத் தவிர்த்துச் செல்ல முடியாது. அதே வளாகத்தில் தேசிய எரிதல் ஆய்வு மையமும் இயங்குகிறது.

சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் 2016 ஆகஸ்ட் 28-ல் இஸ்ரோ ஏவிய ராக்கெட்டில் இரண்டு ஸ்கிராம்ஜெட் எஞ்சின்கள் இருந்தன. ஒலியைப்போல் ஆறு மடங்கு வேகத்தில், வெளிக்காற்றை உள்ளிழுத்து, 5 வினாடி ஹைட்ரஜனை எரித்தன. இந்திய ஆய்வு வரலாற்றில் இது பெரும் சாதனை.

2022-ல் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் பிரிட்டனில் ஒரு விமான எஞ்சினைத் தரையில் ஹைட்ரஜனில் ஓட்டியது. 2035-க்குள் ஹைட்ரஜன் விமானம் என்று 2020-ல் அறிவித்த ஏர்பஸ், 2025-ல் அந்த இலக்கைத் தள்ளிவைத்தது. ஹைட்ரஜனை எரித்துப் பறக்கும் பயணிகள் விமானம் எதுவும் இன்னும் சேவைக்கு வரவில்லை.